பதினோரு சோபா

கடைக் கல்லாவில் நின்றுகொண்டு, எடுத்த சாமானைத் திரும்ப வைக்கச் சொல்கிறவர்களால் இந்த உலகத்தில் எந்த நாகரிகமும் வளர்ந்ததில்லை. இதை நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன், "கொஞ்சம் பெரிசா இருக்கு, இதை எடுத்துடுங்க" என்று பாதியில் சொல்லியிருந்தால் நாம் இன்றைக்கும் நடந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம். மனிதன் முன்னேறியது, கையில் இல்லாததை வாங்கியதால். கையில் இருப்பதை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவதை ஆடு மாடு சிறப்பாகவே செய்கிறது.

இந்த உண்மையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் சகலை. மனைவியின் அக்கா புருஷர். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பதினைந்து மாடி ஏறி இறங்குகிற பெட்டிக்குப் பொறுப்பானவர், சொந்த வாழ்க்கையில் தரைத்தளத்தை விட்டு நகரமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் அவர் மகள். பில் போடும் பெண் தொகையைச் சொன்னாள். இவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுகளை எடுத்தார். விரித்தார். எண்ணினார். யோசித்தார்.

"இந்த ஷாம்பூவை எடுத்துடுங்க. இப்ப எவ்வளவு?"

அவள் சொன்னாள்.

"அந்தப் பெரிய பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்துடுங்க. இப்ப?"

எனக்குப் பின்னால் ஆறு பேர், அழுகிற குழந்தை ஒன்று, உருகுகிற ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. நான் என் கார்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, நடுவில் நின்றிருந்த ஒரு அம்மாவின் தோளுக்கு மேலாக நீட்டினேன். "விடுங்கண்ணே, நான் தட்டிடறேன்."

அவர் திரும்பிக் கார்டைப் பார்த்தார். பிறகு என்னை. "வேணாம் தம்பி. இருக்கறதுக்கு வாங்கிக்கறேன்."

அன்றிலிருந்து உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் யாராவது, "அந்தக் கல்லா சீனைப் பண்ணுங்களேன்" என்று ஆரம்பிப்பார்கள். நான் இரண்டு தடவை மறுத்துவிட்டுப் பண்ணுவேன். தோளை இறக்கி, இடது கையைச் சட்டைப்பை மேல் வைத்து, வலது கையின் ஒரே விரலால் தண்ணீர் பாட்டிலை அடுத்தவர் வீட்டுக் குழந்தை மாதிரி மெல்லத் தள்ளி, "இதை எடுத்துடுங்க." வீடே உருளும். சகலையும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து போய் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டு வருவார். அவர் மகளும் சிரித்தாள், முதல் தடவை.

என் போனில் அவர் பெயர் 'எடுத்துடுங்க சகலை' என்றே பதிவாகியிருந்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். சோபாக் கடையில் விற்பனை. சோபாவை எவனும் விற்பான். நான் விற்பது தவணை. "மாசம் இவ்வளவுதான் சார். தினம் ரெண்டு டீயைக் குறைச்சீங்கன்னா சோபா தானா வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்." யாரும் டீயைக் குறைத்ததாகத் தகவல் இல்லை. என் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுவரில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பாள். தன் கிரெடிட் கார்டு பேப்பரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை மட்டும் அவள் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை, தனக்கும்கூட.

இப்படி நாகரிகத்தை வளர்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பாங்கிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதமும் தவணை தவறினால் தகவல் பணியிடத்துக்குப் போகும்.

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. தவணைப் பேப்பர் எழுதுகிறவன் தானே தவணை தவறியவனாக இருக்கக் கூடாது. போன வருடம் கட்டில் பிரிவில் இருந்தவரை இதே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவன் நான். நகைச்சுவையாகப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். ஸ்டேட்மெண்டுகளைப் பரப்பினோம். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"மொத்தம் எத்தனை கார்டு?" என்றாள்.

"ரெண்டு. உனக்கு?"

"ஒண்ணு."

"பொய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொய் சொல்லும்போது கண்ணாடியை மேல தூக்கி விடுவே. இப்ப தூக்கினே."

"நீங்க பொய் சொல்லும்போது 'சத்தியமா'ன்னு சேர்ப்பீங்க. இப்ப அதைக்கூடச் சேர்க்கலை. அவ்வளவு பெரிய பொய்யா?"

பிறகு அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே இரண்டாவது கார்டு, துடைக்கிற துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. நான் என் பையிலிருந்து சோபாத் துணி மாதிரிப் புத்தகத்தை எடுத்தேன். கரும்பழுப்புக்கும் இளம்பழுப்புக்கும் நடுவில் என் மூன்றாவது கார்டு.

"நல்ல இடம்தான்," என்றாள். "பழுப்பு எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

மேஜையில் ஐந்து கார்டு. அவள் தன் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை எடுத்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் கூட்டினேன். எண்ணாகச் சொன்னால் நெஞ்சு அடைக்கும் என்று எங்கள் கடை விலையில் சொன்னேன்: மூன்று பேர் உட்காரும் சோபா, பதினொன்று. வீட்டில் இருப்பது ஒன்று. மீதிப் பத்து கண்ணுக்குத் தெரியாமல் எங்களைச் சுற்றிலும் போட்டிருந்தது. ஒரு பயணம், இரண்டு போன், துணி உலர்த்துகிற மெஷின், நாங்கள் போட்டி போட்டு எல்லோருக்கும் கொடுத்த விருந்துகள்.

பூதக்கண்ணாடி நின்றது.

"என்னங்க, போன மாசம் அஞ்சாம் தேதி என் சிவப்புக் கார்டுக்குப் பணம் கட்டினீங்களே."

"ஆமா. மாசாமாசம் கட்டறேனே. ஓவர்டைம் பணத்துல."

"அதே அஞ்சாம் தேதி உங்க நீலக் கார்டைப் போட்டு ஏடிஎம்ல அதே தொகை எடுத்திருக்கு."

நான் என் தேநீரைக் குடித்தேன். டம்ளர் காலி.

காலி டம்ளரின் மேலாக எனக்கும் ஒரு வரி தெரிந்தது. "நீ பத்தாம் தேதி என் நீலக் கார்டுக்குக் கட்டினியே, கமிஷன் பணம்னு. அதே பத்தாம் தேதி உன் சிவப்புக் கார்டுல அதே தொகை வெளிய வந்திருக்கே."

அவள் கண்ணாடியைத் தூக்கி விட்டாள்.

"எங்க கடையில கமிஷன் கிடையாது," என்றாள்.

"எங்க கடையில ஓவர்டைம் கிடையாது," என்றேன்.

அதற்கு முந்தைய மாதத்தைப் பார்த்தோம். அதற்கும் முந்தையதை. பதினாலு மாதம். நான் என் கார்டிலிருந்து உருவி அவள் கடனைக் கட்ட, அவள் தன் கார்டிலிருந்து உருவி என் கடனைக் கட்ட, ஒரே பணம் பதினாலு மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காலை நடை போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பாங்கும் ரொக்கம் எடுத்த கூலி, வட்டி என்று வாசலில் நின்று வாங்கிக்கொண்டன. அந்த வகையில் மட்டும் ஒன்றரை சோபா.

"ஓவர்டைம் பாக்கற மனுஷன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கால் அமுக்கி விட்டேனேய்யா!"

"கமிஷன் வாங்கற பொண்ணுன்னு பதினாலு மாசம் நான் பாத்திரம் தேய்ச்சேனேடி!"

அவள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேஜை ஆடி ஒரு கார்டு கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள் மேஜை துடைத்த துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது நிற்கவில்லை. ஆனால் அது சிரிப்பு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"ஊர்ல இருக்கறவங்ககிட்ட பந்தா காட்டினோம், சரி," என்றாள் துணிக்குள்ளிருந்து. "நீங்க என்கிட்ட எதுக்குக் காட்டினீங்க? நான் உங்ககிட்ட எதுக்குக் காட்டினேன்?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும். வாடிக்கையாளர் "யோசிச்சுச் சொல்றேன்" என்றால்கூட மூன்று பதில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் குனிந்து கீழே விழுந்த கார்டைத் தேடினேன். கால் பக்கத்திலேயே கிடந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடினேன்.

அவள் வேலை செய்யும் கடையில் ஊழியர் கடன் சங்கம் ஒன்று உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கடனையும் ஒன்றாகச் சேர்த்து எல்லா பாங்குக்கும் அவர்களே கட்டிவிடுவார்கள். பிறகு சங்கத்துக்கு நாலு வருடம் குறைந்த வட்டியில் மாதாமாதம் கட்டவேண்டும். விண்ணப்பத்தை அவள் ஒரு மாதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கடைசித் தேதி மறுநாள். இரண்டு பேர் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதினோம். இடம் போதாமல் என் பெயர் கோட்டுக்கு வெளியே போனது. கார்டு எத்தனை என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினோம். அப்புறம் ஜாமீன் கட்டம் வந்தது: வேறெந்தக் கடனும் இல்லாத ஒருவர்.

இரண்டு போனையும் எடுத்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை பார்த்தோம். என் அண்ணன் எனக்கே தரவேண்டும். அவள் தோழிக்கு வீட்டுக் கடன். என் நண்பர்களை அவள் படிக்கவே இல்லை, விரலால் தள்ளிக்கொண்டே போனாள். என் போனில் ஒரு பெயரில் வந்து விரல் நின்றது. என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

எடுத்துடுங்க சகலை.

"மாமாதான்," என்றாள்.

"உங்க அக்கா வீட்டுக்காரர். நீ கேளு."

"நான் சிரிச்சேன், அவ்வளவுதான். நடிச்சது நீங்க. நீங்க கேளுங்க."

போன் பண்ணினால் அவர் வேலையில் இருந்தார். ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். "ஏதாவது அவசரம்னா இங்கயே வா தம்பி," என்றார்.

போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று தயார் செய்துகொண்டேன். "அண்ணே, ஒரு சின்ன விஷயம்." தவணைக்காரர்கள் எல்லோரும் என்னிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைவு வந்ததும் அதை விட்டுவிட்டேன்.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. பெட்டி மேலே எங்கோ நிற்க, கீழே இருந்த பள்ளத்துக்குள் சகலை நின்றுகொண்டிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டுமானால் நான் குந்தி உட்கார வேண்டும். குந்தினேன். மனைவி எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள்.

"நல்லவேளை வந்தே. அந்த டார்ச்சைப் பிடி," என்றார். "இங்க இல்ல, அந்தச் சக்கரத்து மேல."

பிடித்தேன். ஒரு போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே, "சொல்லு," என்றார்.

"அண்ணே, கடன் கொஞ்சம் ஆயிடுச்சு. எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டலாம்னு. ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்."

"எவ்வளவு?"

"எங்க கடைக் கணக்குல பாத்தா பதினோரு சோபா."

ஸ்பேனர் நின்றது. "சோபா கணக்கு வேணாம் தம்பி. நம்பரைச் சொல்லு."

சொன்னேன். வெளிச்சம் ஆடியது. "டார்ச்சை ஆட்டாதே," என்றார். மேலே எந்த மாடியிலோ யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"கட்ட முடியுமா உங்களால?"

"ரெண்டு சம்பளமும் வருது மாமா," என்றாள் என் மனைவி. "கார்டை எல்லாம் வெட்டிடணும், அதுதான் சங்கத்துல விதி. ஒரு தவணை தவறினா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க. அதையும் சொல்லிடறேன். தவற மாட்டோம்."

சகலை அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். விண்ணப்பத்துக்காகக் கையை நீட்டினார். நான் அப்போது வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். என்னால் சும்மா இருக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். "அண்ணே, அந்த நடிப்பெல்லாம் சும்மா தமாஷுக்குத்தான், மனசுல வெச்சுக்காதீங்க," என்றேன்.

"தெரியும். நானும் சிரிச்சேனே." பேனாவைத் தட்டிப் பார்த்தார். "அன்னிக்குக் கடையில என் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா. அதுவரைக்கும் ஒண்ணும் இல்லை. நான் எடுத்துடுங்கன்னா, அவளே கொண்டுபோய் அலமாரியில வெச்சுட்டு வருவா. அது அவளுக்கு ஒரு விளையாட்டு. நீ நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சப்புறம் என்கூடக் கடைக்கு வர்றதில்லை."

நான் டார்ச்சைப் பார்த்தேன்.

"வெக்கமா இருக்காம்," என்றார். "ரெண்டு வருஷம் ஆச்சு. சரி, அதை விடு. எங்க போடணும் கையெழுத்து?"

விரலால் காட்டினேன். லிஃப்ட் வாசலின் இரும்புப் பட்டை மேல் காகிதத்தை வைத்துப் போட்டார். ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று விழுந்தது. "ஐயோ, அழுக்காயிடுச்சே, எடுத்துக்குவாங்களா?" என்று அவர்தான் கவலைப்பட்டார். "அக்காகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம்மா," என்று என் மனைவியிடம் சொன்னார். "நானே பாத்துச் சொல்லிக்கறேன்."

நாங்கள் வாசலைத் தாண்டும்போது லிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்தது.

சங்கத்தில் கிரீஸ் ரேகையோடு எடுத்துக்கொண்டார்கள். கடன் வந்த அன்று அங்கே இருந்த அம்மா கத்தரிக்கோலை எங்கள் பக்கம் தள்ளி, "நீங்களே வெட்டுங்க, நாங்க வெட்டினா சிலர் அழறாங்க," என்றார். மனைவி தன்னுடையது இரண்டையும் பொட்டுப் பொட்டாக வெட்டினாள். என் நீலக் கார்டு தடிமன். இரண்டு கையாலும் அழுத்தவேண்டியிருந்தது. துண்டுகளை ஒரே காகிதத்தில் மடித்தோம். எது அவளுடையது எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் ஒரு பெயரை மாற்றினேன். வெறும் 'சகலை' என்று போட்டேன். அதற்கு அரை நிமிடம்தான் ஆனது. இரண்டு வருடம் அதைச் செய்ய நேரம் கிடைக்காதவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

நாலு மாதத் தவணை தேதி தவறாமல் போனது. இப்போதெல்லாம் சம்பளம் வந்ததும் தவணையை எடுத்துவைத்துவிட்டு, மீதியில் வாரத்துக்கு இவ்வளவு என்று அவள் நோட்டாக என் சட்டைப்பையில் வைக்கிறாள். பை சிறியது. நாலாக மடித்தால்தான் நுழைகிறது.

போன ஞாயிறு சகலையின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாமான் வாங்கக் கிளம்பியபோது, "நானும் வரேன் சித்தப்பா," என்றாள். என்னோடு கடைக்கு வருவதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அவளுக்கு நான் இன்னும் கார்டைத் தட்டுகிற ஆள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நடக்கும்போதே மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். இருந்தாலும் எண்ணெய் விலை ஏறியிருந்தது. பில் போடும் பெண் தொகையைச் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்தேன். விரித்தேன். எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். நோட்டுகளுக்கு என் மேல் இரக்கம் வரவில்லை. பின்னால் ஐந்து பேர். அதில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு இளைஞன், என் தோளுக்கு மேலாகக் கார்டை இரண்டு விரலில் நீட்டினான்.

"விடுங்க சார், நான் தட்டிடறேன்."

அந்தக் கார்டு நல்ல நீலம். திரும்பி அவனைப் பார்த்தேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் பத்து பதில் இருந்தது.

"வேணாம் தம்பி," என்றேன்.

பிறகு ஷாம்பூ பாட்டிலை ஒரு விரலால் மெல்ல ஓரமாகத் தள்ளினேன். "இதை எடுத்துடுங்க. இப்ப எவ்வளவு?"

சகலையின் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"நடிக்கறீங்களா சித்தப்பா?"

"இல்லம்மா."

அவள் என் சட்டையை விட்டாள். பிறகு எட்டி ஷாம்பூ பாட்டிலை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்தாள். பில் போடும் பெண் புதுத் தொகையைச் சொன்னாள். நான் கையில் இருந்ததை மறுபடியும் எண்ணிவிட்டு, பெரிய பிஸ்கட் பாக்கெட்டைத் தொட்டேன்.

"இதையும்."